ஒன்பது லட்சம் பேர் பார்த்த மூட்டை

நாலாவது முறையாக ஜைனப் ஸ்டேஷன் படியேறியபோது ரைட்டர் மரியஅந்தோணிக்கே மனசு கேட்கவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பதினோரு நாளில் அந்த ஸ்டேஷன் அவளுக்குச் செய்த முதல் உபகாரம் அது.

பலாமேடு ஒன்றும் பெரிய ஊர் இல்லை. ஏற்காடு ஒண்டிக்கடையில் பஸ் ஏறினால் அரைமணி நேரம். நாலு கடை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு மாதா கோயில், ஒரு போலீஸ் ஸ்டேஷன், அவ்வளவுதான். நாலு கடையில் பெரியது சமது ஸ்டோர்ஸ். அதைத் தொடங்கிய அப்துல் சமது மவுத்தாகி ஆறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து கல்லாவில் உட்காருவது அவர் மனைவி ஜைனப். சுற்றுலா வருகிறவர்களுக்குத் தேனும் காப்பித்தூளும் விற்பதெல்லாம் மேலுக்கு, பிழைப்பு மிளகில்தான். சுற்றுவட்டாரத்தில் வாங்கி, காயவைத்து, சலித்து, மூட்டை கட்டி வைத்து, விலை ஏறும்போது சேலத்துக்கு அனுப்புவாள். கடைக்குப் பின்னால் இருந்த அறையின் பூட்டை உடைத்து அதில் மூன்று மூட்டையை எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

முதல் நாள் அவள் போனபோது இன்ஸ்பெக்டர் சத்யராஜ் இல்லை. யாரோ ஒரு பெரிய மனிதர் ஏரியில் படகு சவாரி செய்ய வந்திருந்தார், அவர் தண்ணீரில் விழாமல் பார்த்துக்கொள்ளப் போயிருந்தார். இரண்டாம் முறை இருந்தார். மூட்டைக்குப் பில் இருக்கிறதா என்று கேட்டார். கொடியில் காய்ப்பதற்கு யார் பில் போடுவார்கள் என்று ஜைனப் யோசித்துக்கொண்டே திரும்பி வந்தாள். மூன்றாம் முறை, "உங்களுக்கு யாரு மேல சந்தேகம்?" என்றார். "அது தெரியாமத்தானுங்க சார் இங்க வந்தேன்" என்றாள். நாலாம் முறை, அதாவது நாற்காலி கிடைத்த நாளில், "நீங்களும் விசாரிங்க, நாங்களும் விசாரிக்கறோம்" என்று வேலையைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தார். மனு கொடுத்ததற்கு ரசீது கேட்டாள். "அடுத்த தடவை வர்றப்ப வாங்கிக்கலாங்க" என்றார் ரைட்டர், ஆறுதலாக.

நோன்பு மாதம் அது. சேலத்தில் கல்லூரியில் படிக்கும் மகள் ஆஃப்ரின் லீவுக்கு வந்திருந்தாள். ஸ்டேஷனிலிருந்து திரும்பிய ஜைனப், பசியும் ஆத்திரமுமாக, உடைந்த பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு யாரிடம் என்றில்லாமல் பேசிக்கொண்டிருந்தாள். ஆஃப்ரின் போனைத் தூக்கிப் பிடித்ததை அவள் பார்க்கவே இல்லை.

"திருடன் ஒரே தடவைதான் வந்தான். வந்த வேலையை முடிச்சான், போயிட்டான். நான் நாலு தடவை ஸ்டேஷனுக்கு நடந்தேன், ஒரு சீட்டுக்கூட வரலைங்க. பேசாம அந்தத் திருடனையே புடிச்சு ஸ்டேஷன்ல வேலைக்கு வெச்சா சனத்துக்கு நொம்ப உபகாரமா இருக்கும். என்ர சாக்குல எல்லாம் பச்சைப் பெயிண்ட்ல 'ச'ன்னு ஒரு எழுத்துப் போட்டிருக்கும். அந்தச் சாக்கை எங்கியாச்சும் பாத்தீங்கன்னா சொல்லுங்க, சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

இதில் ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டாள். அந்தப் பச்சை எழுத்துப் போட்ட வெற்றுச் சாக்குகளை வருஷா வருஷம் ஊரெல்லாம் கொடுப்பதே அவள்தான். பக்கத்து மேல்கரடு எஸ்டேட்டில் மிளகு பறித்து முடிந்ததும் கொடிக்கடியில் உதிர்ந்து கிடப்பதை வேலைக்காரர்களே பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். இன்று நேற்று வந்த வழக்கமில்லை. வெள்ளைக்காரத் துரைகள் காலத்திலிருந்து நடப்பது, எந்தக் காகிதத்திலும் எழுதாதது. பொறுக்கிய உதிரி வேறு வியாபாரி கைக்குப் போய்விடக் கூடாதே என்று, சீசன் தொடங்கும்போதே வேலைக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் வீட்டுக்கொரு சாக்கைக் கொடுத்து வைப்பது ஜைனப்பின் சாமர்த்தியம். இந்த வருஷம் பதினோரு வீட்டுக்குக் கொடுத்திருந்தாள். அதில் ஒன்று அம்மாசி வீடு. அம்மாசியின் மனைவி மாதம்மாள் வாரத்தில் இரண்டு நாள் கடைக்கு வந்து மிளகு புடைத்துக் கொடுப்பவள். பதினைந்து வருஷமாக வருகிறாள்.

ஆஃப்ரின் வீடியோவைப் போட்டுவிட்டு நோன்புக் கஞ்சிக்கு வெங்காயம் அரியப் போனாள். கஞ்சி வெந்து இறங்குவதற்குள் பன்னிரண்டாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். இரவுக்குள் மூன்று லட்சம். திருடனைப் போலீசில் சேர்க்கச் சொன்ன வரி எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. சென்னையில் யாரோ அதற்கு மேளச் சத்தம் சேர்த்தார்கள். துபாயில் யாரோ மேலதிகாரிகளின் பெயர்களை எல்லாம் அதில் கோத்துவிட்டார்கள். "எதுக்குடி இந்த வேலை, ஊர் சிரிக்கவா?" என்று ஜைனப் திட்டினாள். ஊர் சிரித்தது உண்மை. ஆனால் அவளைப் பார்த்து இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஸ்டேஷன் ஜீப் விளக்குச் சுழல வந்து கடை முன்னால் நின்றது. ஸ்டேஷனுக்கும் கடைக்கும் இருநூறு அடி இருக்கும். இன்ஸ்பெக்டர் சத்யராஜ் சமவெளி ஆள், மலைக்கு வந்து ஆறு மாதம்தான். குளிர் ஒத்துக்கொள்ளாமல் எப்போதும் கழுத்தில் மப்ளர் சுற்றியிருப்பார். அதைக்கூடக் கழற்றாமல் வேர்த்துக்கொண்டு இறங்கினார்.

"ஏம்மா, இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நாலு தடவை சொன்னேனுங்களே சார்."

"ஸ்டேஷன்ல சொன்னீங்க. அது வேறம்மா."

ரைட்டர் ரசீதை வீட்டுக்கே கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். கைரேகைக்காரர்கள் வந்தார்கள். பதினோரு நாளில் அந்தக் கதவைத் தொடாத ஆள் யாருமில்லை. ஆனாலும் பொடி தூவிப் பார்த்தார்கள். சேலத்திலிருந்து மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டைஊசி வளைவும் ஏறி வந்ததில் அதற்குத் தலை சுற்றி, வழியில் இரண்டு இடத்தில் வாந்தி எடுத்திருந்தது. மிளகு அறைக்குள் அழைத்துப் போனார்கள். ஏழு தும்மல் தும்மிவிட்டு வெளியே வந்து படுத்துக்கொண்டது. அதையும் ஒருவர் படம் எடுத்தார். எல்லாம் தன் மூட்டைக்காக என்று நினைக்கும்போது ஜைனப்புக்குக் கொஞ்சம் கூச்சமாகவும், உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது சரிதான், இந்தக் காலத்தில் போனைப் பார்த்து அழவேண்டும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள்.

இருபத்துநாலு மணி நேரத்துக்குள் ஆளைப் பிடிக்கவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. இருபத்திரண்டாவது மணி நேரத்தில் பிடித்துவிட்டார்கள்.

அவளை ஸ்டேஷனுக்கு அழைத்தார்கள். மேஜைமேல் பச்சை எழுத்துப் போட்ட சாக்கு ஒன்று நின்றது. பாதிக்குமேல் நிறைந்திருந்தது. பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் போனோடு தயாராக நின்றார்.

"இது உங்க சாக்குத்தானேம்மா?"

"எங்களதுதானுங்க."

"மீதியை வித்துட்டான், அதையும் புடிச்சுருவோம். இப்ப ஒரு ரெண்டு வார்த்தை சொல்லுங்க. நேத்து அந்த மாதிரி சொன்னீங்க. இன்னிக்கு நல்லதா நாலு வார்த்தை வந்தாத்தான் எங்களுக்கும் மரியாதை."

அதுவும் நியாயம்தானே என்று பட்டது ஜைனப்புக்கு. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "ஒரே நாள்ல கண்டுபுடிச்சுக் குடுத்துட்டாங்க. நம்ம போலீசு அய்யாமாருக்கு நொம்ப நன்றிங்க. அல்லா உங்களை நல்லா வெப்பான்" என்றாள். ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது. கான்ஸ்டபிள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அதற்குப் பிறகுதான் சாக்குக்குள் கையை விட்டாள். வியாபாரி கை, கண்ணைவிட முந்திக்கொள்ளும். அவள் மூட்டையில் இருந்தது இரண்டு முறை சலித்த மிளகு, கையில் அள்ளினால் கனக்கும். இதில் காம்பும் சருகும் மண்ணும் பிஞ்சும் கலந்து கிடந்தது. கொடிக்கடியில் பொறுக்கியது, இன்னும் சரியாகக் காயக்கூட இல்லை.

"சார், இது என்ர மிளகு இல்லைங்க. உதிரிங்க இது. யாருகிட்ட எடுத்தீங்க?"

இன்ஸ்பெக்டர் சொல்லத் தேவை இருக்கவில்லை. உள்ளே கம்பிக்குப் பின்னாலிருந்து, "பாயம்மா, நாந்தானுங்க" என்று குரல் வந்தது. அம்மாசி. அன்று நாற்காலியை யாரும் காட்டாமலே ஜைனப் உட்கார்ந்தாள்.

வழக்கத்தைச் சொன்னாள். சாக்கைக் கொடுத்தது தான்தான் என்றாள். இன்னும் பத்து வீட்டில் இதே சாக்கு இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றாள். அந்தப் பத்து வீட்டுக்குப் போகவேண்டிய அவசியம் ஏற்படவில்லை, ஏனென்றால் முதல் வீட்டிலேயே கிடைத்துவிட்டது.

"எஸ்டேட் மேனேஜரைக் கேட்டாச்சும்மா. பொறுக்கிக்கலாம்னு எழுத்துமூலமா எதுவும் கெடையாதுன்னுட்டாரு."

"எழுத்துமூலமா இல்லைங்க சார், வழக்கமுங்க."

"வழக்கத்தை ரிஜிஸ்டர்ல எந்தக் கட்டத்துல எழுதறது?" என்று கேட்டவர், போனைத் திருப்பிக் காட்டினார். அவள் நன்றி சொன்ன வீடியோ ஏறிவிட்டிருந்தது. "பாருங்க, இருபது நிமிசத்துல எழுபதாயிரம். மேல இருந்து ரெண்டு அதிகாரிங்க பாராட்டி எழுதிட்டாங்க. இனி இதை நான் எப்படிம்மா இல்லைன்னு சொல்றது? நாளைக்கு மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தறோம். நெரபராதின்னா கோர்ட்ல வெளிய வந்துருவான்."

அவர் கொடுமைக்காரர் இல்லை. ஊரில் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கும் சாதாரண மனிதர்தான். அதுதான் ஜைனப்புக்கு இன்னும் பயமாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். அம்மாசியை விடச் சொல்லி அவள் எழுதிக் கொடுத்த மனுவை மரியஅந்தோணி வாங்கி, மேஜைமேல் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் பத்திரமாக வைத்தார். மறுநாள் அம்மாசி ரிமாண்டில் சேலத்துக்குப் போனான். நன்றி வீடியோ ஒன்பது லட்சத்தைத் தாண்டியது.

ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே, "நெசத்தைச் சொல்லி இன்னொண்ணு போடு கண்ணு" என்றாள் மகளிடம். போட்டார்கள். உதிரி மிளகு எது, சலித்த மிளகு எது என்று இரண்டையும் தட்டில் கொட்டிக் காட்டி, சாக்குக் கொடுக்கும் வழக்கத்தை விளக்கி, அம்மாசி குற்றமற்றவன் என்று ஆறு நிமிஷம் பொறுமையாகப் பேசினாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். அதில் முப்பது தடவை ஆஃப்ரினே பார்த்தது. கீழே ஒருவர், மிளகு கிலோ என்ன விலை என்று கேட்டிருந்தார்.

இன்னொருவர் செய்ததுதான் வினை. "அந்தம்மா முகத்தைப் பாருங்கள். திருடன் தரப்பு மிரட்டிப் பேச வைத்திருக்கிறது" என்று எழுதி, ஆறு நிமிஷத்தில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்ட ஆறு விநாடியை மட்டும் வெட்டிப் போட்டார். அது பறந்தது. ஜைனப் அம்மாவுக்குப் பாதுகாப்புக் கொடு என்று நாலு லட்சம் பேர் கேட்டார்கள். மதியத்துக்குள் கடை வாசலில் பாதுகாப்பு வந்து நின்றது. பெண் கான்ஸ்டபிள் இன்பமேரி, கையில் லத்தியோடு.

"மேலிடத்து உத்தரவும்மா. அக்யூஸ்டு சைடு ஆளு யாரையும் கிட்ட விடக்கூடாது."

"எனக்கு யாரும்மா மிரட்டல்? யாரும் மிரட்டலை."

"மிரட்டப்பட்டவங்க அப்படித்தான் சொல்வாங்கன்னு சொல்லி அனுப்பியிருக்காங்கம்மா" என்றாள் இன்பமேரி. நல்ல பெண். சாயந்திரம் ஜைனப் கொடுத்த நோன்புக் கஞ்சியை மறுக்காமல் குடித்தாள்.

மறுநாள் மாதம்மாள் வந்தாள். புடைக்க வரும் நாள் அது. ஆனால் அவள் புடைக்க வரவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது. இன்பமேரி லத்தியைக் குறுக்கே நீட்டி ரோட்டுக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டாள். ஜைனப் கல்லாவை விட்டு எழுந்து, "அவ என்ர ஆளும்மா, உடுங்க, ஒரு வார்த்தை பேசோணும்" என்று கெஞ்சினாள். "நீங்க உள்ள போங்கம்மா, உங்க நல்லதுக்குத்தான்" என்று இன்பமேரி அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். மாதம்மாள் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கக்கூடியது இவ்வளவுதான்: புருஷனை உள்ளே அனுப்பிய கடைக்காரி, போலீஸ் காவலோடு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பிப் போய்விட்டாள். போனில் சொல்லலாம் என்றால் அந்த வீட்டிலிருந்த ஒரே போனையும் சாட்சியப் பொருளென்று எடுத்துப் போயிருந்தார்கள். லைன் வீட்டுக்குப் போகலாம் என்றால் புகார்தாரர் குற்றவாளி வீட்டுக்குப் போகக்கூடாது, மகளும் போகக்கூடாது என்றாள் இன்பமேரி.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள் ஜைனப். இப்போது பாவம் தன் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. நோன்பு வைக்க விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரத்தில் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. பதினைந்து வருஷம் தன் கடையில் குந்தி மிளகு புடைத்தவளின் புருஷன் ஜெயிலில் கிடக்கிறான், காரணம் தன் வாய். அதைவிட்டு வேறெதையும் நினைக்க முடியவில்லை.

மரியஅந்தோணி கடைக்குக் காப்பித்தூள் வாங்க வந்தபோது கேட்டே விட்டாள். "ரைட்டரய்யா, அவனை வெளிய கொண்டார வழி ஒண்ணுமே இல்லீங்களா?"

ரைட்டர் இன்பமேரி காதில் விழாத தூரத்துக்கு நகர்ந்து நின்றார். முப்பது வருஷம் மனு எழுதியவர். "பாயம்மா, வெளிப்படையாச் சொல்றேன். மனுவா வந்தா நம்பர் போடுவோம். போன்ல வந்தா ஆளைப் போடுவோம். இப்ப நிலைமை அதுதானுங்க. நீங்க ஆறு நிமிசம் நெசத்தைச் சொன்னீங்க. அதுல யாருக்குக் கெட்ட பேரு? எங்களுக்கு. எங்களுக்குக் கெட்ட பேரு வர்ற மாதிரி ஒண்ணை நாங்களே எப்படிங்க செய்யறது? வேற யாராச்சும் ஒருத்தர் தலைல அந்தக் கெட்ட பேரு விழுந்தாத்தான் அம்மாசி வெளிய வருவான்" என்று சொல்லி, காப்பித்தூளை வாங்கிக்கொண்டு போனார்.

ஜைனப் அன்று மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் பாயிலேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு ஒரு வீடியோ எடுக்கோணும் கண்ணு. திருட்டே நடக்கலை, பேரு வாங்கறதுக்கு நானே பூட்டை உடைச்சு நாடகம் போட்டேன், போலீசை ஏமாத்திட்டேன்னு சொல்லப்போறேன்."

ஆஃப்ரின் போனைக் கீழே வைத்தாள். "கேஸ் வரும்மா. பொய்ப் புகாருக்கு உங்களைப் புடிப்பாங்க."

"வரட்டும். எனக்குப் பெயில் எடுக்க நீ இருக்கறே. அம்மாசிக்கு யாரு இருக்கா?"

"நம்ம மூட்டை, என்னோட காலேஜ்..."

"மூட்டை திரும்ப வரும்னு இன்னுமா நம்பறே?"

"நோன்பு வெச்சுட்டுப் பொய் சொல்லலாமாம்மா?" என்றாள் ஆஃப்ரின். ஜைனப்பைக் குடைந்துகொண்டிருந்ததும் அதுதான். மற்ற பதினோரு மாதம் வியாபாரத்தில் முன்னே பின்னே ஒன்றிரண்டு சொல்லியிருக்கலாம். நோன்பு வாயால் அவள் பொய் பேசியதில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். நோன்பு திறந்து, மக்ரிப் தொழுது முடித்த பிறகு சொல்லிவிடலாம். அல்லாவும் கொஞ்சம் பார்த்துச் செய்வான்.

"அதுவும் நல்லதுதாம்மா" என்றாள் ஆஃப்ரின். "ஏழு மணிக்கு மேலதான் நெறையப் பேரு பாப்பாங்க."

மறுநாள் மக்ரிப் முடிந்து, மூன்றே வாக்கியம் பேசினாள். அழவில்லை, விளக்கவில்லை, தட்டில் எதையும் கொட்டிக் காட்டவில்லை. "நான் பொய்ப் புகார் குடுத்தேன். அந்தச் சாக்கை அம்மாசிக்குக் குடுத்ததே நான்தான். என்னை நம்பிப் போலீசு ஏமாந்துருச்சு." இன்பமேரி அப்போது வாசலில் உட்கார்ந்து ஜைனப் கொடுத்த வடையைத் தின்றுகொண்டிருந்தாள்.

இரண்டே மணி நேரத்தில் பதினைந்து லட்சம். நல்லவள் கெட்டவளாகும் காட்சிக்கு எப்போதும் கூட்டம் அதிகம். முந்தாநாள் அவளுக்குப் பாதுகாப்புக் கேட்டவர்களே இன்று அவளைத் தூக்கில் போடச் சொன்னார்கள். அவளை மட்டும் திட்டியிருந்தால் பொறுத்திருப்பாள். அவள் பெயரைப் பார்த்துவிட்டு அவள் சனத்தையே இழுத்துத் திட்டினார்கள். அதில் இரண்டைப் படித்ததோடு ஆஃப்ரின் கையிலிருந்து போனைப் பிடுங்கி மிளகு மூட்டைக்கு அடியில் வைத்துவிட்டாள். மலையேறிப் பார்த்திராதவர்கள் எல்லாம் சமது ஸ்டோர்ஸ் தேனில் கலப்படம் என்று ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார்கள்.

போலீஸ் மறுபடியும் வேகமாகத்தான் வேலை செய்தது. இரவே ஜைனப் மேல் வழக்கு. பாதுகாப்பை விலக்கும் உத்தரவு இன்னும் வராததால், காலையில் அவளைக் கைதுக்கு அழைத்துப் போனதும் இன்பமேரிதான். ஒரே ஆள் காவலும் காத்து, காவலிலும் வைத்தாள். வயசைப் பார்த்து ஸ்டேஷன் ஜாமீனில் விட்டார்கள். அம்மாசி மேல் ஆதாரமில்லை என்று கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்து, மூன்றாம் நாள் அவனை வெளியே கொண்டுவந்தார்கள். ஸ்டேஷன் வாசலில் இன்ஸ்பெக்டர் அவனுக்குச் சால்வை போர்த்தி, ஒரு சிப்பம் அரிசியும் கொடுத்தார். அந்தப் படத்துக்குக் கீழே, மனிதநேயம் மிக்க அதிகாரி என்று ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். திருட்டே நடக்கவில்லை என்று பதிவேட்டில் முடித்தாயிற்று. மூன்று மூட்டையைக் கொண்டுபோனவன் எங்கேயோ இருக்கிறான். சட்டப்படி இனி அப்படி ஒருவன் இல்லை.

ஜைனப் அதற்கெல்லாம் வருத்தப்படவில்லை. அம்மாசி வீடு வந்து சேர்ந்தான் என்று கேட்டதும் கடையைச் சாத்திவிட்டு, ஒரு பையில் பேரீச்சம்பழமும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு மேல்கரடு எஸ்டேட்டுக்கு நடந்தாள். இனி யாரும் தடுக்க முடியாது. எல்லாவற்றையும் மாதம்மாளிடம் வாய்விட்டுச் சொல்லிவிடலாம் என்ற நினைப்பில் ஏற்றம்கூடத் தெரியவில்லை. வழியில் எஸ்டேட் ஆபீஸ் பலகையில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. மிளகுக் கொடிகளுக்கு அடியில் உதிர்ந்ததை யாரும் எடுக்கக்கூடாது, மீறினால் காவல் துறையில் ஒப்படைக்கப்படுவர் என்று எழுதி, கீழே மேனேஜர் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. நூறு வருஷத்து வழக்கம் முதல் தடவையாக எழுத்தில் ஏறியிருந்தது.

அம்மாசி வாசலில் சால்வையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தான். கோபமில்லை. "வாங்க பாயம்மா. கேசு போச்சுங்க. பொறுக்கறதும் போச்சுங்க" என்றான்.

மாதம்மாள் உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள். எப்போதும் முதல் வார்த்தையாக 'உக்காருங்க' என்பாள். இன்று சொல்லவில்லை.

"மாதம்மா, நான் சொன்னது அத்தனையும் பொய்யி" என்று தொடங்கினாள் ஜைனப். "திருட்டு நெசமாலுமே நடந்துது. உன்ர ஊட்டுக்காரரை வெளிய கொண்டாரோணும்னுதான் பழியை நானே ஏத்துக்கிட்டேன். வேற வழி இல்லாமப் போச்சு."

மாதம்மாள் நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். "பக்கத்து ஊட்டுப் போன்ல எல்லாத்தையும் பாத்தனுங்க. மொதல்ல திருடு போச்சுன்னீங்க. அப்பறம் புடிச்சுக் குடுத்தாங்க, நன்றின்னீங்க. அப்பறம் எல்லாம் பொய்யின்னீங்க. இப்ப அந்தப் பொய்யே பொய்யிங்கறீங்க."

"அல்லா மேல சத்தியம், மாதம்மா."

"சத்தியம் எதுக்குங்க. இதையும் அந்தப் போன்ல ஒருக்கா சொல்லிப்போடுங்க. உங்களுக்கும் நல்ல பேரு வந்துரும், நாங்களும் நம்பிக்கறம்."

சொன்னால் என்ன ஆகும் என்று ஜைனப்புக்குத் தெரியும். திருட்டு நடந்தது உண்மை என்று ஊர் பார்த்தால், திருடன் ஒருவன் வேண்டும். திருடன் வேண்டுமென்றால் ஜீப் நேராக இந்த வாசலுக்குத்தான் வரும். அதை விளக்கிச் சொல்ல வாயெடுத்தாள். அம்மாசி தலைமாட்டிலிருந்த சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வதைப் பார்த்ததும் விட்டுவிட்டாள். அவனாவது ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கட்டும்.

"போன்ல சொல்ல மாட்டேன் மாதம்மா" என்றாள்.

மாதம்மாள் தலையாட்டினாள். அவளுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. பேரீச்சம்பழப் பையை வாங்கிக்கொள்ளாமல் உள்ளே போனாள்.